நான்கு கட்டங்களும் கூடங்குளமும்

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி எழுந்த வாதங்கள் பல வகை. மின் தேவை, கடல் வளம், மீனவர் வாழ்வாதாரம், விபத்துக் காப்பு, இழப்பீட்டுச் சட்டம் என்று அவை நீளும். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் அரசியலும் பொறியியலும் பதில் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் புற்றுநோயோ பிறவிக் குறைபாடோ மற்ற ஊர்களைவிடக் கூடுகிறதா என்பதே அது. 1988இல் இந்திய-சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தான காலத்திலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. 2011இல் இடிந்தகரையில் நிலையத்தை எதிர்த்து உண்ணாவிரதப் பந்தல் போட்டவர்களும் இதைக் கேட்டார்கள். 2013 மே 6 அன்று நிலையத்தை இயக்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் கேள்வி அடங்கவில்லை. முதல் உலையில் தொடர்வினை 2013 ஜூலையிலும், இரண்டாவதில் 2016 ஜூலையிலும் தொடங்கின. மூன்று முதல் ஆறு வரையான அலகுகள் எழும்பிவருகின்றன.

இக்கேள்விக்கான தரவு உயரம், எடை போல அளக்கப்படுவதல்ல. நோய் வந்தது அல்லது வரவில்லை. வீடு அருகில் அல்லது தொலைவில். ஆண் அல்லது பெண். பீடி பிடிப்பவர் அல்லது பிடிக்காதவர். ஒவ்வொரு மனிதரும் ஏதோ ஒரு கட்டத்தில் போய் விழுகிறார். அவர்களை எண்ணலாம், அவ்வளவுதான். இத்தகைய வகைப்பாட்டுத் தரவைக் கையாளும் கணிதத்துக்கு 125 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சண்டையும் திருத்தமும் நிறைய. இந்தியக் கணிதவியலாளர்களின் பங்கும் குறைவல்ல. 'உண்டா, இல்லையா' என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதே அது தரும் முதற்பாடம். அதற்கு முன் இரண்டைக் கேட்டாக வேண்டும்: கட்டங்களைப் பிரிக்கும் கோட்டை யார், எங்கே போட்டார்கள்? அவற்றில் விழும் எண்கள் எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டும் திறன் கொண்டவை?

1976: ஓர் அட்டவணை

தொலைவில் உள்ள எடுத்துக்காட்டு தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்தின் கொல்லம் மாவட்டம் வரை கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதிலுள்ள தோரியம் இயற்கையாகவே கதிர்வீச்சை உமிழ்கிறது. இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருப்பதால், குறைந்த அளவுக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டால் என்னவாகும் என்று அறிய விரும்புவோர் 1950களிலிருந்தே இங்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

1976இல் 'நேச்சர்' இதழில் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்களின் குறுங்கட்டுரை ஒன்று வந்தது. கோச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கசாமி ஆகிய நால்வர் எழுதியது. கதிர்வீச்சு மிகுந்த கடற்கரைப் பகுதியில் 12,918 பேரில் 12 பேருக்கு டவுன் நோய்க்குறி. ஒப்பீட்டுப் பகுதியில் 5,938 பேரில் ஒருவருக்கும் இல்லை. நோய் உள்ளவர், இல்லாதவர். இந்தப் பகுதி, அந்தப் பகுதி. நான்கே கட்டங்கள், அவற்றில் ஒன்று பூச்சியம். ஒரு நூற்றாண்டு முறையியலும் இந்த நான்கு கட்டங்களைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட கதைதான். இதே அட்டவணையை ஒவ்வொரு தலைமுறைக் கணிதவியலாளரிடமும் கொடுத்துப் பார்த்தால் கதை விளங்கும்.

பியர்சனும் யூலும்

1900இல் லண்டனில் கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டார். அதன் கரு எளிது. நோய்க்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கணக்கிடு. கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டு. நம் அட்டவணையில் மொத்தம் 18,856 பேர், 12 நோயாளிகள். தொடர்பில்லை என்றால் கதிர்வீச்சுப் பகுதியில் 8.2 பேரும் ஒப்பீட்டுப் பகுதியில் 3.8 பேரும் இருந்திருக்க வேண்டும். கண்டதோ 12, 0. கை-வர்க்கம் 5.52.

அதே ஆண்டில் பியர்சனின் மாணவராயிருந்த உட்னி யூல் வேறொரு வழியில் போனார். கட்டங்களைக் குறுக்காகப் பெருக்கி ஒப்பிடும் ஓர் அளவையை முன்வைத்தார். தொடர்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல் எவ்வளவு வலுவானது என்று சொல்லும் முயற்சி அது. இருவருக்கும் இடையே மூண்ட சண்டை கணிதத்தைவிடத் தத்துவத்தைப் பற்றியது. வகைகளுக்குப் பின்னால் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர் அளவு ஒளிந்திருக்கிறது என்று பியர்சன் நம்பினார். தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்பதுகூட அவருக்கு எதிர்ப்புச் சக்தி என்ற அளவுகோலை நடுவில் வெட்டியதுதான். 1904இல் படைவீரர்களுக்குப் போட்ட டைபாய்டு தடுப்பூசிக் கணக்கை அவர் அப்படித்தான் மதிப்பிட்டு, பலன் போதவில்லை என்று, அத்தடுப்பூசியை ஆதரித்த ஆல்ம்ரோத் ரைட்டோடு மோதினார். யூல் மறுத்தார். பெரியம்மையில் இறந்தவர்களில் ஒருவர் அதிகமாகவும் இன்னொருவர் குறைவாகவும் இறந்ததாகச் சொல்ல முடியுமா என்பது அவர் வாதம். 1912இல் அவர் விரிவாக எழுத, மறு ஆண்டே பியர்சனும் டேவிட் ஹெரோனும் 150 பக்கங்களுக்கு மேல் மறுப்பு எழுதினார்கள்.

வென்றவர் யார் என்று கேட்டால், இருவரும் பாதி வென்றார்கள். மரணம் யூல் பக்கம். ஆனால் 'அணுஉலைக்கு அருகில் வாழ்பவர்' என்ற வகை பியர்சன் பக்கம். தூரம் என்ற தொடர் அளவை யாரோ 5 கிலோமீட்டரிலோ 16 கிலோமீட்டரிலோ வெட்டி அந்த வகையை உண்டாக்கியிருக்கிறார். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பெருமணல் என்ற ஊர் உள்ளேயும் கூத்தங்குழி என்ற ஊர் வெளியேயும் போகலாம், எண்களும் அதற்கேற்ப மாறலாம். ஆகவே கோடு தரவைப் பார்ப்பதற்கு முன்பே போடப்பட்டதா, பார்த்த பின் போடப்பட்டதா என்பது எந்த அறிக்கையிலும் முதலில் தேட வேண்டிய செய்தி.

யூல் அங்கேயே நிற்கவில்லை. 1915இல் மேஜர் கிரீன்வுட்டோடு சேர்ந்து காலரா, டைபாய்டு தடுப்பூசிக் கணக்குகளை ஆராய்ந்தார். காலராத் தடுப்பூசி பெருமளவில் மக்களிடம் சோதிக்கப்பட்டது இந்தியாவில்தான். 1894இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஹாஃப்கின் ஒரே வீட்டில் ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட்டார். இரு பிரிவினரும் மற்ற எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும், நோய்த்தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும், ஊசி போட்டவர் என்று தெரிந்ததால் நோயறிதல் மாறக் கூடாது என்று கிரீன்வுட்டும் யூலும் நிபந்தனைகளை வரிசைப்படுத்தினார்கள். நூறாண்டு கழித்துப் படித்தாலும் கூடங்குளத்துக்கென்றே எழுதியது போலிருக்கிறது.

ஃபிஷர் கண்ட பிழை

கிரீன்வுட்டும் யூலும் 1915 கட்டுரையிலேயே ஒரு முரணைக் கவனித்தார்கள். இரு விகிதங்களை நேரடியாக ஒப்பிட்டால் வரும் விடையும் பியர்சனின் கை-வர்க்க விடையும் பொருந்தவில்லை. காரணத்தை 1922இல் ரொனால்ட் ஃபிஷர் சொன்னார். நான்கு கட்ட அட்டவணையில் நிரைக் கூட்டுத்தொகையும் நிரல் கூட்டுத்தொகையும் தெரிந்துவிட்டால், ஒரு கட்டத்தை நிரப்பியதும் மீதி மூன்றும் தாமாகவே நிரம்பிவிடும். விருப்பம்போல் மாறக்கூடியது ஒன்றே. பியர்சன் மூன்று என்று எடுத்திருந்தார்.

சிறிய திருத்தம் போலத் தோன்றும். நம் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் வீச்சு தெரியும். பியர்சன் வழியில் 5.52ஓ அதற்கு மேலோ தற்செயலாக வர வாய்ப்பு 0.14, பெரும்பாலோர் பொருட்படுத்த மாட்டார்கள். ஃபிஷர் வழியில் அதே மதிப்புக்கு 0.019; நிமிர்ந்து உட்கார்வார்கள். தரவில் ஓர் எண்கூட மாறவில்லை. பியர்சன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1926இல் ஃபிஷர், பியர்சனின் மகன் ஈகான் வேறொரு நோக்கத்துக்காக உருவாக்கி வைத்திருந்த நான்கு கட்ட அட்டவணைகளையே எடுத்தார். ஏறத்தாழ 12,000 அட்டவணைகளின் கை-வர்க்கச் சராசரி, தந்தையின் கணக்குப்படி 3 வந்திருக்க வேண்டும். ஃபிஷர் கணக்குப்படி 1. வந்தது 1.00001.

எண்கள் சிறியனவாக இருந்தால் கை-வர்க்கமே தோராயமாகிவிடும். அதற்கு ஃபிராங்க் யேட்ஸ் 1934இல் ஒரு திருத்தம் தந்தார். அதன்படி நம் அட்டவணையின் மதிப்பு 4.15க்கு இறங்கி, வாய்ப்பு 0.042 ஆகிறது. ஃபிஷரின் துல்லியச் சோதனை தோராயத்தையே விட்டுவிட்டு நேராக எண்ணுகிறது. 12 நோயாளிகள் 18,856 பேரிடையே குருட்டாம்போக்கில் சிதறியிருந்தால், 12 பேருமே கதிர்வீச்சுப் பகுதியில் விழ வாய்ப்பு என்ன? அங்கே வாழ்வோர் பங்கு 0.685, அதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.0107, அதாவது 94இல் ஒன்று. ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் கணக்கு இது.

ஒரே அட்டவணைக்கு 0.14, 0.042, 0.019, 0.011 என்று நான்கு விடைகள். ஊடகத்தில் இவற்றுள் ஒன்று மட்டும் 'நிரூபணம்' என்றோ 'ஆதாரமில்லை' என்றோ வந்து சேரும். எந்தச் சோதனை, ஒரு பக்கமா இரு பக்கமா என்று கேட்காத வாசகர் முடிவை மட்டும் நம்பவோ மறுக்கவோ வேண்டிவரும்.

தொடர்பின் வலுவைச் சொல்வதிலும் அந்தப் பூச்சியம் குறுக்கே நிற்கிறது. குறுக்குப் பெருக்கல் விகிதத்தைக் கணக்கிட்டால் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து, விடை முடிவிலியாகிறது. 1950களின் நடுவில் ஜே.பி.எஸ். ஹால்டேனும் ஃபிராங்க் ஆன்ஸ்கோமும் தனித்தனியே வழி சொன்னார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் அரையைக் கூட்டிக்கொள். அப்படிச் செய்தால் விகிதம் 11.5 வரும், ஆனால் அதைச் சுற்றியுள்ள ஐயத்தின் அகலமும் மிகப் பெரிது. 

மூன்றாவது பரிமாணம்

கதிர்வீச்சோடு தொடர்பு உண்டு என்ற 1976 கட்டுரையின் முடிவு விரைவிலேயே மறுப்புக்கு உள்ளானது. அந்தப் பூச்சியமே முதல் ஐயம். கதிர்வீச்சுப் பகுதியின் விகிதத்தில் ஒப்பீட்டுப் பகுதியிலும் நோய் இருந்தால் ஐந்தாறு பேர் தென்பட்டிருக்க வேண்டும். டவுன் நோய்க்குறி உலகில் எல்லா ஊரிலும் காணப்படுவது. கதிர்வீச்சு குறைந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை என்றால், அங்கே அவ்வளவு கூர்ந்து தேடப்பட்டதா என்ற கேள்வி எழும். இரண்டாவது ஐயம் தாயின் வயது. 25 வயதுத் தாய்க்கு இந்நோய்க்குறியோடு குழந்தை பிறக்க வாய்ப்பு ஏறத்தாழ 1,250இல் ஒன்று; 40 வயதில் 100இல் ஒன்று. இரண்டு ஊர்களில் தலா 1,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 20 தாய்மார் 40 வயதினர், இன்னோர் ஊரில் 120 பேர். மற்றவர்கள் 25 வயதினர். முதல் ஊரில் எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ 1 குழந்தை, இரண்டாவதில் 1.9. கதிர்வீச்சு ஒரு துளிகூட இல்லாமலே விகிதம் இரு மடங்காகிவிட்டது.

அட்டவணை தாளில் இரு பரிமாணம் கொண்டது. வாழ்க்கையில் மூன்றாவது, நான்காவது பரிமாணங்கள் உண்டு. கூட்டிப் பார்த்தால் தெரியும் தொடர்பு பிரித்துப் பார்த்தால் மறையலாம், தலைகீழாகவும் ஆகலாம் என்று யூல் 1903இலேயே எச்சரித்தார். 1951இல் எட்வர்ட் சிம்ப்சன் எழுதிய பிறகு அது அவர் பெயரால் சிம்ப்சன் முரண் ஆயிற்று. மூன்று பரிமாண அட்டவணையில் 'இடைவினை' என்றால் என்ன என்று 1935இல் பார்ட்லெட் வரையறுத்தார். அதைப் பல பரிமாணத்துக்கு விரித்தவர்களில் முக்கியமானவர், கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்ந்து வட கரோலினாவுக்குச் சென்ற சமரேந்திர நாத் ராய். 1956இல் காஸ்டன்பாமோடு அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளக் கற்களில் ஒன்று. சி.ஆர். ராவ் 1948இல் தந்த ஸ்கோர் சோதனை, இன்று வகைப்பாட்டுத் தரவில் பயன்படும் பல சோதனைகளுக்குப் பொதுத் தாய். புனேயின் வசந்த் பாப்கர் 1966இல், வெவ்வேறு வழியில் பிறந்த இரு சோதனை அளவுகள் உண்மையில் ஒன்றே என்று நிறுவினார்.

மருத்துவர்கள் கையில் அதிகம் புழங்கும் கருவி 1959இல் நாதன் மேன்டலும் வில்லியம் ஹென்செலும் தந்தது. மக்களை வயது, பாலினம், புகைபிடித்தல் என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நான்கு கட்ட அட்டவணை போட்டு, அவற்றின் விகிதங்களைத் தகுந்த எடையோடு இணைத்து ஒற்றை விடை காண்பது அந்த முறை. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன் ஜெரோம் கார்ன்ஃபீல்டு இன்னொரு கதவைத் திறந்திருந்தார். நோய் அரிதாக இருந்தால், ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடராமல், நோயுற்றவரையும் நோயற்றவரையும் திரட்டி அவர்களின் கடந்தகாலத்தை விசாரித்தாலே ஆபத்தின் மடங்கை நெருங்கிச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் இம்முறையின் வலிமையைக் காட்டியது கஜலட்சுமி, பெட்டோ முதலியோர் 2003இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 பேருடையதோடு ஒப்பிட்டார்கள். காசநோயால் இறக்கும் ஆபத்து நகர்ப்புறத்தில் புகைப்பவருக்கு நாலரை மடங்கு என்று தெரிந்தது. அதுவரை புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே பேசிவந்த ஊரில் அது புதிய செய்தி.

கருநாகப்பள்ளி

1972இல் நெல்டரும் வெடர்பர்னும் எழுதிய பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள் பற்றிய கட்டுரை, தனித்தனியாக வளர்ந்த இந்த முறைகளை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. ஆம், இல்லை என்ற விளைவுக்கு லாஜிஸ்டிக் மாதிரி. எண்ணிக்கைக்குப் பாய்சான் மாதிரி. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே கணக்கீட்டு வழி. 1975இல் பிஷப், ஃபைன்பெர்க், ஹாலண்ட் எழுதிய நூலும் 1990இல் ஆலன் அக்ரெஸ்டி எழுதிய நூலும் இத்துறையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கின.

கேரளக் கடற்கரைக் கேள்வி இப்புதிய கருவிகளோடு மீண்டும் கேட்கப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1990இல் கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கி, வீடு வீடாகச் சென்று 3,85,103 பேரைப் பதிவு செய்தது. அப்பகுதியின் கடற்கரையில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை இயற்கைக் கதிர்வீச்சு உண்டு (கிரே என்பது ஏற்கப்படும் கதிர்வீச்சின் அலகு). 30 முதல் 84 வயது வரையான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்ததில் 1,379 புற்றுநோய்கள், அவற்றுள் 30 இரத்தப் புற்று. பாலினம், வயது, பின்தொடர்ந்த காலம், சமூக நிலை, பீடிப் பழக்கம் என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பாய்சான் மாதிரியில் பொருத்தினார்கள். ரகுராம் நாயர் முதலியோர் 2009இல் வெளியிட்ட முடிவு: ஒரு கிரே கதிர்வீச்சுக்கு, இரத்தப் புற்று நீங்கிய புற்றுகளின் ஆபத்தில் ஏற்படும் மாற்றம் −0.13, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.58 முதல் +0.46 வரை.

இந்த வரியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 'கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை' என்று அதைச் சுருக்கிச் சொல்வது எளிது. தரவு உண்மையில் சொல்வது இது: ஆபத்து கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை, ஆனால் ஒரு கிரேக்கு 46 விழுக்காடு வரை கூடியிருந்தாலும் இத்தரவு அதை மறுக்காது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடம் திண்மப் புற்றுகளுக்குக் கண்ட மதிப்பு ஏறத்தாழ 0.5. இடைவெளியின் மேல்முனை அதைத் தொடும் தூரத்தில் நிற்கிறது. குண்டு வெடிப்பில் ஒரே கணத்தில் பட்ட கதிர்வீச்சைவிட, மெதுவாகச் சேரும் கதிர்வீச்சின் ஆபத்து மிகக் கூடுதலாக இருக்க முடியாது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 30 இரத்தப் புற்றுகளை வைத்து அதைப் பற்றித் தனியே எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

பிறவிக் குறைபாடுகளுக்கும் இதுபோன்ற மறுவிசாரணை நடந்தது. 1995 முதல் கேரளக் கடற்கரை மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றும் ஒரே முறையில் பரிசோதிக்கப்பட்டன. 2013இல் வெளியான கட்டுரை 1,41,540 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சு அளவோடு குறைபாடுகளுக்குத் தொடர்பு தென்படவில்லை என்றது. 1976இன் 12 பேரையும் பூச்சியத்தையும் இதனோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் எதில் என்று புரியும். சூத்திரம் நுணுக்கமானது ஒரு பக்கம். எல்லோரையும் ஒரே கண்ணால் தேடியதும், தாயின் வயதைக் கணக்கில் கொண்டதும், எண்ணிக்கை பெருகியதும் அதைவிடப் பெரிது.

கூடங்குளத்தின் கணக்கு

அணுஉலைகளைப் பற்றி நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் மிகவும் பேசப்பட்டது ஜெர்மனியில் 2007இன் இறுதியில் வெளியானது. 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி 1980 முதல் 2003 வரை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கண்ட இரத்தப் புற்றுகள் 593. ஒப்பிட எடுத்த நோயற்ற குழந்தைகள் 1,766. நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் முறையே 37, 54. குறுக்கே பெருக்கினால் 2.1 வரும், இணை சேர்த்த முறையில் ஆய்வாளர்கள் தந்த விடை 2.19. இரு மடங்கு ஆபத்து. ஆனால் அந்நிலையங்கள் வெளியிட்ட கதிர்வீச்சின் அளவு இந்த மடங்கை விளக்கப் போதாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பிரிட்டனில் அதே கேள்வியைக் கேட்டபோது அத்தகைய உயர்வு தெளிவாகக் கிடைக்கவில்லை. தொடர்பு இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்பதும் அறிவியலில் ஒரு முடிவுதான்.

பதினாறு நிலையங்கள், 24 ஆண்டுகள், கிடைத்தது 37 குழந்தைகள். கூடங்குளம் ஒரே நிலையம். ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம். பல நாடுகளின் பதிவேடுகளில் 10 லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 30 முதல் 50 இரத்தப் புற்றுகள் பதிவாகின்றன. 40 என்று கொள்வோம். ஆய்வு வட்டத்தில் ஒரு லட்சம் குழந்தைகள் இருந்தால் ஆண்டுக்கு 4 பேர். உண்மையிலேயே ஆபத்து இரட்டித்திருந்தால், அதை ஐந்தில் நான்கு பங்கு உறுதியோடு கண்டுபிடிக்க ஏறத்தாழ 2 ஆண்டுத் தரவு போதும். 50 விழுக்காடு கூடியிருந்தால் 7 ஆண்டு. 10 விழுக்காடு மட்டும் கூடியிருந்தால் 160 ஆண்டு. வட்டத்தைச் சுருக்கி 10,000 குழந்தைகள் மட்டும் என்றால் இந்தக் காலங்கள் எல்லாம் பத்து மடங்காகும். இரட்டிப்பைக் காணவே 20 ஆண்டு.

ஆகவே சிறு வட்டத்தில் சில ஆண்டு எண்ணிவிட்டு 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எந்த அறிக்கை சொன்னாலும், அது எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணும் திறனோடு தொடங்கியது என்று கேட்க வேண்டும். அதே கணக்கு எதிர்த் தரப்புக்கும் பொருந்தும். சிறு எண்களில் தற்செயலான ஏற்றமும் பெரிதாகத் தெரியும். ஒரு தெருவில் மூன்று நோயாளிகளைச் சுட்டிக்காட்டி, பிறகு அத்தெருவைச் சுற்றிக் கோடு போடுவது சான்றாகாது.

இந்த மண்ணுக்கென்று வேறு சிக்கல்களும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பீடி பிடிப்பவர்கள் மட்டுமல்ல, வீட்டுத் திண்ணையிலிருந்து பீடி சுற்றும் பெண்களும் ஏராளம். புகையிலைத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்குத் தனி அடுக்கு வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. பிறவிக் குறைபாட்டைக் கணக்கிடும்போது அதை விட்டுவிட்டால் கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கதிர்வீச்சின் தலையில் ஏற்றவும் நேரும், கதிர்வீச்சின் விளைவை மறைக்கவும் நேரும்.

அடுத்தது குடியிருப்புகளின் கொத்துத் தன்மை. ஆய்வாளர்கள் சில ஊர்களைத் தேர்ந்து, ஊருக்கு நூறு பேரை விசாரிப்பது வழக்கம். ஒரே ஊரில் வாழ்பவர்கள் உணவிலும் தண்ணீரிலும் தொழிலிலும் ஒத்திருப்பதால், நூறு பேர் நூறு தனிச் சான்றுகள் ஆகமாட்டார்கள். ஆந்திரத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜே.என்.கே. ராவும் அலஸ்டர் ஸ்காட்டும் 1981இல் தொடங்கிய ஆய்வுகள் இதற்குத் திருத்தம் தந்தன. ஊருக்குள் உள்ள ஒற்றுமை 0.02 என்ற சிறிய அளவே என்றாலும், ஊருக்கு நூறு பேர் எடுத்தால் 3,000 பேரின் தரவு ஏறத்தாழ 1,000 பேருடையதற்கே சமம். திருத்தாமல் 6 என்று வரும் கை-வர்க்கம் திருத்தினால் 2 ஆகும், 0.014 என்ற வாய்ப்பு 0.16 ஆகிவிடும்.

மூன்றாவது, நோயறிதல். நிலையம் வந்தபின் மருத்துவ முகாம்களும் சாலையும் பேருந்தும் பெருகினால், முன்பு நாலில் மூன்று நோயாளிகள் கண்டறியப்பட்ட இடத்தில் இப்போது நாலும் கண்டறியப்படலாம். நோய் கூடாமலே பதிவு 33 விழுக்காடு கூடிவிடும். இன்னொரு பக்கம், கூடங்குளத்துக்காரர் ஒருவர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கும் போகலாம், நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் போகலாம். மூன்றையும் இணைக்காத பதிவேட்டில் அவர் விடுபட்டுப் போவார்.

முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியவை

சென்னையில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் உருவானது. அடையாறு புற்றுநோய் மையத்தின் பொறுப்பில் அது 2012 முதல் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. முதல் உலை மின்சாரம் தருவதற்கு முந்திய ஆண்டு அது என்பதால் ஒப்பிட ஓர் ஆண்டுக் கணக்காவது முன்னால் இருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டின் எண்ணிக்கை அடித்தளமாகப் போதுமானதல்ல. அதற்குப் பதில் இடத்தை இடத்தோடு ஒப்பிட வேண்டும்: ராதாபுரம் வட்டத்தை, அதைப் போன்ற தொழிலும் வயதமைப்பும் கொண்ட தென் கடற்கரை வட்டங்களோடு. கல்பாக்கம், கைகா, தாராப்பூர் உள்ளிட்ட நாட்டின் எல்லா நிலையங்களையும் ஒரே நெறிமுறையில் சேர்த்து, நிலையத்தை ஓர் அடுக்காக வைத்து மேன்டல்-ஹென்செல் வழியில் இணைத்தால், ஒரு நிலையத்துக்கு 160 ஆண்டு கேட்கும் கேள்விக்கு ஒரு தலைமுறைக்குள் விடை தேடலாம்.

அதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை. வட்டத்தின் ஆரம் எவ்வளவு, வயதுப் பிரிவுகள் எவை, எந்தெந்த நோய்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே பொதுவில் பதிய வேண்டும். எவ்வளவு பெரிய ஆபத்தைக் காணும் திறன் அந்த ஆய்வுக்கு உண்டு என்று எண்ணால் சொல்ல வேண்டும். முடிவோடு கட்டங்களின் எண்ணிக்கையையும், தனி மனிதர் அடையாளம் வெளிப்படாத அளவில் தொகுத்து, வெளியிட வேண்டும். 1976 கட்டுரையை இன்று நாம் நான்கு வழியில் சோதிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஆசிரியர்கள் நான்கு எண்களையும் அச்சிட்டதுதான். அவர்களின் முடிவு நிலைக்கவில்லை, அட்டவணை நிலைத்தது. கூடங்குளத்தைப் பற்றி இனி வரும் எந்த அறிக்கையிலும், அது யார் தரப்பிலிருந்து வந்தாலும், முடிவுரைக்கு முன் தேட வேண்டியது அந்த அட்டவணையையே. அது இல்லாத அறிக்கை கருத்து, ஆய்வு ஆகாது.